டீச்சருக்கு எதற்கு புல்லட்? 350 சிசி ஓட்டுபவர்கள் கொஞ்சம் பதில் சொல்லுங்கள்

ராசிபுரம்_டீச்சர்

வணக்கம். ராசிபுரம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இத்தனை வருடமும் ஸ்கூட்டர்தான். போன வருடம் பையனுக்கு எல்எல்ஆர் போடப் போன இடத்தில் நானும் கியர் வண்டிக்குச் சேர்த்து எழுதிக் கொடுத்து, அவனோடு வரிசையில் நின்று எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிவிட்டேன். அவன் இரண்டாம் முறைதான் பாஸ் ஆனான், நான் முதல் முறையிலேயே. வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இப்போது 350 சிசி வண்டி வாங்க ஆசை. வீட்டுக்காரருக்கு ஆட்சேபணை இல்லை. அவருக்கு வண்டியே ஓட்டத் தெரியாது, பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் போதும். மற்றவர்கள்தான் பிரச்சினை. ஒரு ஷோரூமுக்குப் போனேன், விலை கேட்டது நான், அங்கிருந்தவர் பதில் சொன்னது என் பையனைப் பார்த்து. ஸ்டாஃப் ரூமில் "என்ன டீச்சர், வட்டி வசூலுக்கா?" என்று கிண்டல். மாமியார் ஒரு படி மேலே: கீழே விழுந்தால் தூக்க நாலு ஆம்பளை வேண்டும், நாலு ஆம்பளை வந்து தூக்கினால் ஊர் என்ன பேசும். தாளாளர் "பேரன்ட்ஸ் பார்ப்பாங்க" என்றார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாததுதான் அதிகம் கேட்டது.

என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். எந்த வண்டியில் கால் ஊன்றும்? எடையைச் சமாளிக்க முடியுமா? அப்புறம் உண்மையான கேள்வி, இதில் நிஜமாகவே சுகம் இருக்கிறதா, இல்லை வீடியோ பார்த்துப் பார்த்து எனக்குப் பிடித்த பைத்தியமா? கொல்லிமலை எனக்குப் பக்கம். 70 கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே பார்த்தாயிற்று, ஒரு தடவையாவது நானே ஓட்டி ஏறவேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த மலைக்கு வரும் பைக் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கே எரிச்சல்தான் வருகிறது. என்னையும் அந்தக் கணக்கில்தானே சேர்ப்பார்கள்?

நைட்ஷிப்ட்_அக்கா

டீச்சர், சேலத்தில் நர்ஸாக இருக்கிறேன், உங்களைவிட ஒரு அங்குலம்தான் உயரம், ஓட்டுவது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. அதனால் மூன்று கேள்விக்கும் என்னால் பதில் சொல்ல முடியும், ஆனால் நீளமாக வரும்.

கால் விஷயம் முதலில். ராயல் என்ஃபீல்டின் 350 வண்டிகளில் கிளாசிக், புல்லட் இரண்டிலும் சீட் உயரம் 805 மில்லிமீட்டர், எடை 195 கிலோ. ஹன்டரில் 790, 181 கிலோ. மீட்டியரில் 765தான், எடை 191. உங்கள் ஸ்கூட்டர் நூறு கிலோ சொச்சம் இருக்கும், ஆக ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த எண்களை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து, உயரம் குறைவான வண்டியிலும் கால் எட்டாது. ஷோரூமில் போய் உட்கார்ந்தே பார்க்க வேண்டும், ஓட்டும்போது போடப்போகிற ஷூவோடு. இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படவேண்டும் என்று அவசியமில்லை. இடது கால் நன்றாக ஊன்றினால் போதும், வலது கால் பிரேக்கில் இருக்கட்டும். மேடு பள்ளம் பார்த்து நிறுத்துவது பழகிவிடும், கல் கிடக்கும் இடத்தில் காலை வைக்காமல் இருக்கவும் பழகிவிடும்.

தூக்குவதற்கு நாலு ஆம்பளை வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லுங்கள். முதலில் எஞ்சினை அணைத்துவிடுங்கள். வண்டி உருளாதபடி கியரில் இருக்கட்டும். வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்பே கீழே இறக்கி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் கஷ்டப்பட்டுத் தூக்கிய வண்டி அந்தப் பக்கம் போய் விழும். வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இடுப்பைச் சீட்டில் அண்டக் கொடுத்து, ஒரு கையில் ஹேண்டில்பார், இன்னொரு கையில் பின்பக்கக் கம்பி. அப்புறம் முதுகால் இழுக்காமல் தொடையால் எழுந்து சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தூக்க எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் கிட்டத்தட்ட இதேதான், முதுகைக் காப்பாற்று, தொடையைப் பயன்படுத்து. மெத்தை போட்டு அதன் மேல் வண்டியைச் சாய்த்து வைத்துப் பழகுங்கள், கண்ணாடி உடையாது.

இப்போது சுகம். இரவு ஷிப்ட் முடியும்போது தலைக்குள் பத்து மானிட்டர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கும். வண்டியை எடுத்தால் இடது கைக்கு கிளட்ச், வலது கைக்கு ஆக்ஸிலேட்டரும் முன் பிரேக்கும், இடது காலுக்கு கியர், வலது காலுக்குப் பின் பிரேக். நாலுக்கும் வேலை வந்துவிட்டால் மனதுக்குப் பழையதை மெல்ல இடமே இல்லை. ராசிபுரம் ரோட்டில் விடியற்காலையில் வந்தால் ஜவ்வரிசி ஆலைகளின் புளித்த வாடை முதலில் அடிக்கும் (உங்களுக்குச் சொல்லவேண்டாம்), அதைத் தாண்டி ஏரிக்கரையில் குளிர் ஒரு துண்டாக வந்து முகத்தில் படும், அடுத்த வளைவில் காணாமல் போய்விடும். பஸ்ஸிலோ காரிலோ போனால் அது அங்கே இருக்கிறது என்றே தெரியாது. நீங்கள் கணக்கு டீச்சர் என்பதால் இன்னொன்று: வேகம் கூடியபின் இடது பக்கம் திரும்ப, இடது கைப்பிடியை மெல்ல முன்னால் தள்ளவேண்டும். தலைகீழாக இருக்கிறதல்லவா? தள்ளிப் பாருங்கள், வண்டி இடது பக்கம் சாய்ந்து தானாகத் திரும்பும். ஸ்கூட்டரிலும் தெரியாமல் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். தெரிந்து செய்ய ஆரம்பித்த அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்தேன்.

கிண்டல் நிற்காது. சிக்னலில் "அண்ணன் வண்டியா, வீட்டுக்காரர் வண்டியா?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். ஆர்சி புத்தகத்தில் என் பேர்தான் சார் என்பேன், பச்சை விழுந்துவிடும்.

கொண்டை போடுவீர்கள் என்றால் முழு முக ஹெல்மெட் உட்காராது, தாழ்வாகப் பின்னி ஜாக்கெட்டுக்குள் விட்டுவிடுங்கள். பூ வைத்துக்கொண்டு ஹெல்மெட் போட்டால் பூவுக்கும் கேடு தலைக்கும் கேடு. ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள், தாடைப் பட்டையை மாட்டுங்கள். ஹெல்மெட் போட்டால் தலைக்காயம் 69 சதவீதமும் உயிரிழப்பு 42 சதவீதமும் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். நான் வார்டில் பார்ப்பதும் அதுதான், ஆனால் அதை இங்கே விவரிக்க மாட்டேன்.

திருச்சி_பெருசு

டீச்சர் அம்மா, ஸ்டாஃப் ரூம் கிண்டலுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. எங்கள் சின்ன வயதில் தெருவில் டப்டப் சத்தம் கேட்டால் வருவது ஒன்று போலீஸ், இல்லையென்றால் வட்டிக்காரர். மூன்றாவதாக ஒரு மிராசுதார். வேறு யாரிடமும் அந்த வண்டி இல்லை. ராணுவ ரோந்துக்கு என்று இங்கிலாந்தில் இருந்து வந்த வண்டி, 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் அந்த இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பித்து, திருவொற்றியூரில் தொழிற்சாலை போட்டார்கள். இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மூடியபிறகும் இங்கே ஓடிக்கொண்டே இருந்தது. ஆகவே இது நம் மெட்ராஸ் சரக்கு, கூச்சப்படாமல் வாங்குங்கள்.

"ஆம்பளை வண்டி" என்று பேர் வந்ததற்குக் காரணம் வீரமெல்லாம் இல்லை, கிக்கர்தான். பழைய புல்லட்டை ஸ்டார்ட் செய்வது ஒரு சடங்கு. எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தத்தை (கம்ப்ரஷன்) விடுவிக்க ஒரு குட்டி லீவர், அதை அழுத்திக்கொண்டு கிக்கரை மெல்ல இறக்கி, மின்னோட்டம் காட்டும் ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்த்து, அப்புறம் முழு எடையையும் போட்டு ஒரு உதை. கணக்குத் தப்பினால் கிக்கர் திருப்பி உதைக்கும், கணுக்காலில் வீக்கத்தோடு ஆபீஸ் போனவர்கள் உண்டு. கியர் வேறு வலது காலில், பிரேக் இடது காலில், அதனால் மற்ற வண்டி ஓட்டியவன் இதை எடுத்தால் பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பான். இன்றைக்கு செல்ஃப் ஸ்டார்ட், இடது கால் கியர், பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ். காரணம் எல்லாம் போய்விட்டது, பேர் மட்டும் நிற்கிறது. இப்போது அதே கிண்டலைச் செய்கிறவர்களில் பாதிப்பேர் கிக்கரையே பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். பின்சக்கரத்துக்கு இடது பக்கம் ஒரு சேலை கார்டு இருக்கும் பாருங்கள், அது அழகுக்கு வைத்ததில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, விதி 123, பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் பாதிச் சக்கரத்தையாவது மறைக்கவேண்டும் என்கிறது. நல்ல விதிதான், எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் அதன் பேர் சேலை கார்டு, அதாவது சேலை கட்டியவர் உட்காரும் இடம் எது என்பது எல்லார் மனதிலும் முடிவாகிவிட்டது. 2018ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு 25,000 ரூபாய் வரை மானியம் கொடுத்ததே, அதுவும் கியர் இல்லாத அல்லது ஆட்டோ கியர் வண்டிக்குத்தான். அந்தத் திட்டத்தால் எங்கள் தெருவிலேயே பல பெண்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்பதை விட்டார்கள், அதைக் குறை சொல்லவில்லை. கியர் என்றால் ஆணுக்கு என்று அதற்குள்ளும் ஒரு கோடு ஓடுகிறது, அவ்வளவுதான்.

எனக்கும் "வயசான காலத்தில் எதற்கு" என்ற கேள்வி வருகிறது. கல்லணை வரை போய் டீ குடித்துவிட்டு வருகிறேன், முழங்காலுக்கு மாடிப்படியைவிட இது நல்லது. எலும்பு டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை.

அடிவாரத்துக்காரன்

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். நான் ஏற்காடு போகும் ரோட்டில், அடிவாரத்தில் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு எங்கள் வீட்டில் யாரும் அலாரம் வைப்பதில்லை. கம்பெனி கொடுத்த சைலன்ஸரைக் கழற்றிவிட்டு வேறு குழாய் மாட்டிக்கொண்டு கூட்டமாக வருவார்கள், இருபது வளைவிலும் பந்தயம், இறங்கும்போது எதிரே ஏறும் பஸ்ஸுக்கு வழி விடுவதில்லை. மலைப்பாதையில் இடம் போதாதென்றால் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழி விடவேண்டும் என்பது சட்டம், எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தாலும் அந்தச் சந்தோஷத்தில் யார் நிறுத்துகிறார்கள்? ஒரு வளைவில் நின்று பார்த்துவிட்டு அப்புறம் வந்து எங்களைத் தப்பெண்ணம் பிடித்தவர்கள் என்று சொல்லுங்கள்.

டீச்சர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பெண்கள் ஓட்டுவதிலும் இல்லை. ரைடர்களுக்கு இந்தப் பேர் வெறும் காற்றில் வரவில்லை என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

நைட்ஷிப்ட்_அக்கா

நியாயமான கோபம் சார். மாற்றிய சைலன்ஸர் சட்டவிரோதம், பிடித்தால் அபராதம், நானும் அதன் பக்கம் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் அந்தச் சத்தம் கேட்டால் நான் திட்டுவது உங்களைவிட மோசமாக இருக்கும். ஆனால் அதே ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டைத் தாண்டி அமைதியாக ஏறிப்போன வண்டிகளும் இருந்திருக்கும். அவற்றை நீங்கள் கேட்டிருக்க வாய்ப்பே இல்லையே?

அடிவாரத்துக்காரன்

அது சரி. கேட்டால்தானே தெரியும்.

ஸ்ப்ளெண்டர்_தம்பி

அக்கா, பெரியவரே, டீச்சர் எல்லாருக்கும் வணக்கம். சென்னையில் டெலிவரி வேலை. இங்கே ரைடர் ரைடர் என்று பேசுவது எல்லாம் 350க்கு மேல் உள்ளவர்களைப் பற்றி. எங்கள் ஆப்பிலும் எங்களுக்குப் பேர் ரைடர்தான், ஆனால் எந்த ரைடர்ஸ் குரூப்பும் எங்களைச் சேர்ப்பதில்லை. பாலும் பேப்பரும் போடுகிறவர், டிவிஎஸ் எக்ஸெல்லில் முன்னால் ஒரு மூட்டை பின்னால் இரண்டு மூட்டை கட்டிக் கோயம்பேட்டில் இருந்து கீரை கொண்டுபோகும் அம்மா, இவர்கள் ஒரு வாரத்தில் ஓட்டுவதை ஜாக்கெட் போட்ட அண்ணன்கள் ஒரு வருடத்திலாவது ஓட்டுவார்களா என்று சந்தேகம். அந்த அம்மாவிடம் போய் "பொம்பளைக்கு எதற்கு வண்டி" என்று யாரும் கேட்பதில்லை. மூட்டை இருந்தால் கேட்க மாட்டார்கள் டீச்சர், சும்மா சந்தோஷத்துக்கு என்றால்தான் கேட்பார்கள். பிரச்சினை வண்டியில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்களைப் பற்றியும் ஒரு முடிவு இருக்கிறது, டெலிவரி பையன் என்றால் சிக்னலை மதிக்க மாட்டான், ஒன்வேயில் வருவான். வருகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்து நிமிடத்தில் பால் பாக்கெட் வேண்டும் என்று கேட்கிறவர்களே வந்ததும் "ஏன் இவ்வளவு வேகமாகப் போகிறீர்கள்" என்று பாடம் எடுத்தால் நான் என்ன செய்வது.

சுகம் இருக்கிறதா என்றால், எனக்கும் இருக்கிறது. 100 சிசி ஸ்ப்ளெண்டர், சீட் கிழிந்து பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன். ராத்திரி கடைசி ஆர்டர் கொடுத்துவிட்டு போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, கத்திப்பாரா பாலத்தில் ஏறி வளைந்து இறங்கும்போது, பக்கத்தில் வண்டியே இல்லாமல், கீழே மொத்த ஊரும் விளக்கோடு தெரியும். வீட்டுக்கு வேறு குறுக்கு வழி இருக்கிறது. நான் பாலத்தில்தான் போவேன்.

பழைய_பேப்பர்

பைக்காரன் என்றால் ரவுடி என்ற படம் ஆரம்பித்த இடங்களில் ஒன்று அமெரிக்கா. 1947 ஜூலை 4 விடுமுறையில் கலிஃபோர்னியாவில் ஹாலிஸ்டர் என்ற சின்ன ஊரில் பைக் பந்தய விழா, எதிர்பார்த்ததைவிடக் கூட்டம், குடித்துவிட்டுக் கொஞ்சம் ரகளை. லைஃப் பத்திரிகை பீர் பாட்டில்களுக்கு நடுவே வண்டியில் சாய்ந்திருக்கும் ஒரு ஆளின் படத்தைப் பெரிதாகப் போட்டது. பாட்டில்களைப் பொறுக்கி வந்து அடுக்கிவிட்டுத்தான் படம் எடுத்தார்கள் என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. அந்த ஒரு படத்தின் பிள்ளைகள்தான் நம் சினிமாவில் வரும் ஜாக்கெட் போட்ட வில்லன்கள்.

அதே நாட்டில் அதற்கு முன்பே, 1930களில், பெஸ்ஸி ஸ்ட்ரிங்ஃபீல்ட் என்ற கறுப்பினப் பெண் தனியாக வண்டியில் மாநிலம் மாநிலமாகச் சுற்றினார். நிறத்தைக் காரணம் சொல்லி விடுதியில் அறை தர மாட்டார்கள், பெட்ரோல் பங்கில் வண்டி மேலேயே படுத்துத் தூங்கியதாகச் சொல்லியிருக்கிறார். உலகப் போரில் ராணுவத்துக்குத் தபால் கொண்டுபோனார். பீர் பாட்டில் படம் உலகம் முழுக்கத் தெரியும், இவரைத் தெரிய 2002 வரை ஆனது, அப்போதுதான் அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கம் தன் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது, அவர் இறந்து ஒன்பது வருடம் கழித்து.

நம் பக்கம்: சோழவரம் விமானத் தளத்தில் பந்தயம் நடந்த ஊர் நமது, அப்புறம் இருங்காட்டுக்கோட்டை டிராக். சென்னையின் அலிஷா அப்துல்லா பந்தயத்தில் ஆண்களோடு ஓட்டியவர். பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019ல் கரடுமுரடான பாதைகளில் நடக்கும் பாஹா பைக் பந்தய உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவை வென்றார். உங்கள் தாளாளரிடம் இந்தப் பேர்களைச் சொல்லுங்கள், அவர் பிள்ளைகளின் பொது அறிவுக்கு ஆகும்.

ராசிபுரம்_டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. வேறொரு ஷோரூமுக்குப் போனேன், அங்கே ஒரு பெண்தான் இருந்தாள், நேராக என்னிடமே பேசினாள். மீட்டியரில் இரண்டு காலும் நன்றாகப் படுகிறது. ஹன்டர் அழகாக இருந்தது, நுனிக்கால்தான், மனது கேட்கவில்லை ஆனாலும் மீட்டியர்தான். மெத்தைப் பயிற்சியை மாமியார் முன்னாலேயே பையனுடைய வண்டியை வைத்துச் செய்து காட்டினேன். "சரி, ஆனா சேலையோட ஓட்டாதே" என்றார், இவ்வளவு சீக்கிரம் இறங்கி வருவார் என்று நினைக்கவில்லை.

அடிவாரத்துக்காரருக்கு: நான் ஞாயிற்றுக்கிழமை எந்த மலைக்கும் வரப்போவதில்லை. காலாண்டு லீவில், வார நாளில், கம்பெனி சைலன்ஸரோடு. தம்பி ஸ்ப்ளெண்டர், மூட்டை விஷயம் இரண்டு நாளாகத் தலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கு விடைத்தாள் கட்டைப் பின்னால் கட்டிக்கொண்டு போகலாமா என்று பார்க்கிறேன், தாளாளர் வாயைத் திறக்க மாட்டார்.

இரண்டு சந்தேகம். கொல்லிமலைக்கு முன்னால் வேறு எங்கே பழகுவது? என் காலுக்கு 4 சைஸ், ரைடிங் பூட்ஸ் எங்கே கேட்டாலும் ஆண்கள் அளவுதான் இருக்கிறது, என்ன செய்கிறீர்கள்?

நைட்ஷிப்ட்_அக்கா

முதலில் சமவெளியில், காலியான மைதானத்தில் எட்டு, யூ டர்ன், திடீர் பிரேக். முன் பிரேக்கைத் தொடப் பயப்படாதீர்கள், நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு அதில்தான், பிடுங்காமல் அழுத்தவேண்டும். அப்புறம் ஏலகிரி, பதினாலு வளைவுதான், பாரி, ஓரி, காரி என்று வளைவுக்குப் பேர் வைத்திருக்கிறார்கள், கொல்லிமலை ஆண்ட ஓரியை அங்கேயே ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம். வளைவில் கண் பள்ளத்துக்குப் போகக்கூடாது, போகவேண்டிய ரோட்டின் கடைசியில் இருக்கவேண்டும், கண் போகும் பக்கம்தான் வண்டி போகும். கிளட்சைப் பிடித்துக்கொண்டு இறங்காதீர்கள், இரண்டாம் கியரில் எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்தும். கொல்லிமலையில், அடிவாரத்துக் காரவள்ளி தாண்டியதும் ஹாரன், பஸ் வளைவு முழுசையும் எடுத்துக்கொள்ளும், அதன் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, நின்று விடுங்கள்.

பூட்ஸுக்கு நானும் அலைந்தேன். கடைசியில் தொழிற்சாலையில் போடும் சேஃப்டி ஷூ, கணுக்காலை மூடுவது, பெண்கள் அளவில் கிடைத்தது, விலையும் பாதி. இரும்பு முனை கியர் லீவருக்கு அடியில் நுழைகிறதா என்று வண்டியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள், லேஸை உள்ளே சொருகிவிடுங்கள். காலாண்டு லீவில் புதன்கிழமை என்றால் எனக்கு ஆஃப், தேதியைத் தனிச்செய்தியில் போடுங்கள்.